தொண்ணூறு சதவீதம்

தச்சநல்லூர் மண்டல அலுவலகத்துக்கு எதிர்த்தாப்ல என் கடை.
பலகையில் ஜெராக்ஸ் என்பது மட்டும் மிச்சம்,
மற்ற எழுத்தை வெயில் தின்றுவிட்டது.

பதினோரு வருஷமாய்ப் பிறத்தியார் வீடுகளைக்
கண்ணாடிமேல் கவிழ்த்துப் போட்டு எடுத்ததில்
சட்டம் எனக்குப் படிய ஆரம்பித்தது,
மை விரலில் படிகிற மாதிரி.

உச்சிமாகாளி வந்தபோது
சட்டைப்பையில் ரசமட்டம் துருத்திக்கொண்டிருந்தது.
திருப்பி அனுப்பிய வரைபடம்.
சிவப்பு மையில் இரண்டே சொல்:
பின்னிடைவு போதாது.

'பின்னடைவா? எனக்கா?
முப்பது வீடு கட்டியிருக்கேன் தாயி,
ஒண்ணாச்சும் பின்வாங்கியிருக்கா?'

அலுவலகத் தமிழ் அப்படித்தான்.
தளப்பரப்புக் குறியீடு. பக்கத் திறவிடம்.
எத்தனை தரம் எறிந்தாலும்
சுவரில் ஒட்டாமல் விழுகிற கலவை.

'உங்களை இல்ல அண்ணாச்சி, சுவரைச் சொல்லுதாங்க.
மதில்ல இருந்து தள்ளி நிக்கணும்.'
'எவ்வளவு?'
'இந்த மனைக்கு மூணேகால் அடி.'
'ஒண்ணரைதான் இருக்கு.'

மெஷினைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.
'நீ ஒண்ணு செய்யி. வீட்டை மட்டும்
தொண்ணூறு பர்சண்ட்ல எடு.
மனையை அப்படியே விடு.
வெட்டி ஒட்டி மறுபடி ஒரு காப்பி.'

சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.
ஏனென்றால் அது முடியும்.
சொல்லத்தான் வேண்டும்,
இதற்கு முன்னால் ரெண்டு பேருக்கு
எடுத்துக் கொடுத்திருக்கிறேன்,
தலைக்குப் பன்னிரண்டு ரூபாய்க்கு.
ஒரு வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள்,
மாடியில் சேலை காய்வது பஸ்ஸில் போனால் தெரியும்.
இன்னொன்று எங்கே என்று தெரியாது.

கடையைச் சாத்திவிட்டு அவர் வண்டியில் ஏறினேன்.
ராமையன்பட்டி தாண்டிக் கரிசல் தொடங்குகிற இடம்.
அனுமதிக்கு முந்தியே
ஜன்னல் மட்டம் வரை எழும்பியிருந்தது வீடு.
மதிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒண்ணரை அடி நிழல்.
உள்ளே போன நாய்
திரும்ப இடமில்லாமல்
வால் முன்னே வர வெளியே வந்தது.

காவலுக்குப் படுக்கிற கட்டில் ஒன்று கிடந்தது.
'தூக்குங்க' என்றேன்.
அவர் ஒரு முனை, சித்தாள் பகவதி ஒரு முனை.
'அந்த வழியாக் கொல்லைக்குப் போங்க.'
இடித்தது. சாய்த்தார்கள். மறுபடி இடித்தது.
ஒருச்சாய்த்து நட்டமாய்ப் பிடித்தபோதுதான் நுழைந்தது.

'படுத்திருக்க ஆளு விழுந்துருவாம்லா'
என்றாள் பகவதி, யாரும் கேட்காமலே.
கங்கைகொண்டானில் அவள் அக்கா வீடு.
சிலிண்டர். முன்வாசல் பக்கம் போக முடியவில்லை.
அவ்வளவுதான் சொன்னாள்,
சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உச்சிமாகாளி ரசமட்டத்தை உருவி
கட்டில் சட்டத்தின்மேல் வைத்துப் பார்த்தார்.
எதற்கென்று எனக்குத் தெரியவில்லை.
குமிழி ஓரத்தில் நின்றது.

'வீட்டுக்காரர் குவைத்துல இருக்காரு.
ரூம் சுருங்கிட்டுன்னா பாக்கி தருவாரா?'

எனக்கு என்ன தெரியும்.
விதிப் புத்தகத்தில்
அந்தப் பக்கம் அச்சாகவில்லை.

ஒன்பதாம் நாள் வந்தார், கூடவே
தளவாய் என்று இன்னொரு கான்ட்ராக்டர்.
ஒரு சுவரை இடித்த செலவு
பாதி இவர் தலையில், பாதி பேச்சுவார்த்தையில்.
புது வரைபடத்தைக் கண்ணாடிமேல் விரித்து
'அளவு மாத்தாம எடு' என்றார்,
நான்தான் மாற்றுகிறவள் மாதிரி.

இப்போது ஒரு தாள் வைத்திருக்கிறேன், காசு வாங்குவதில்லை.
என் கையெழுத்தில்:
பின்னிடைவு என்றால் கட்டில் படுத்தவாக்கில் போகணும்.
திறவிடம் என்றால் அங்கே கக்கூஸ் கட்டக்கூடாது.
சாரம் என்றால் பகவதி ஏறுவாள், பார்த்துக் கட்டு.
தளவாய் நாலு காப்பி கேட்டார்.

ராத்திரி ஷட்டரை இறக்கினபின்
பழைய ரசீதுப் புத்தகங்களைப் புரட்டுகிறேன்.
பன்னிரண்டு ரூபாய் என்று இருக்கிறது.
பெயர் போடவில்லை.